பிள்ளையை முதல்முறை கிறிஸ்தவ கோடை முகாமுக்கு அனுப்புகிறீர்களா? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பள்ளி ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் சபைகளில் முகாம் அறிவிப்புகள் தொடங்கிவிடும். கொடைக்கானல், ஏற்காடு, குன்னூர், ஊட்டி என்று மலை ஊர்களிலும், சமவெளியில் ஏதாவது ஒரு மிஷன் பள்ளி விடுதியிலும் சில நாட்கள் தங்கி நடக்கும் சிறுவர் முகாம்கள் இவை. படிவம் கைக்கு வந்தபின் அம்மா அப்பாக்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பிள்ளையைத் தயார்படுத்துவதைவிடப் பெற்றோர் தயாராவதுதான் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். அதனால் பதில்கள் பெரும்பாலும் உங்களைப் பற்றித்தான் இருக்கும்.

என் மகள் வருஷாவருஷம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) போகிறாள். முகாமும் அதே மாதிரிதானே?

பாதி அதே மாதிரிதான். ஆக்‌ஷன் சாங், கதை, கைவேலை, மனப்பாட வசனம் எல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால் வி.பி.எஸ். பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடும். முகாமில் இரவும் அங்கேதான். அதிகாலையில் எழுப்பிவிடுவார்கள், குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும். தனியாக உட்கார்ந்து வேதம் வாசிக்க ஒரு நேரம், குழுவாகப் பேச ஒரு நேரம், மதியத்துக்குமேல் விளையாட்டு, சாயங்காலம் பாட்டும் தேவசெய்தியும், ஏதாவது ஒரு ராத்திரி கேம்ப் ஃபயர். பக்கத்துப் படுக்கைக்காரியோடு சண்டை வந்தால் அம்மாவிடம் ஓட முடியாது. அதைத் தானே சமாளிப்பதும் முகாமில் கற்கிற பாடம்தான்.

எந்த வயதில் அனுப்பலாம்?

எட்டு, ஒன்பது வயதுக்கு முன்னால் அவசரப்பட வேண்டாம் என்பது என் கணிப்பு. ஆனால் வயதைவிட வேறு மூன்று விஷயங்களைப் பாருங்கள். தானாகக் குளித்து உடை மாற்றுகிறானா? தன் பையில் இருப்பதைத் தானே தேடி எடுப்பானா? “வயிறு வலிக்குது” என்று பழக்கமில்லாத ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்வானா? முதல் இரண்டும் இல்லாவிட்டால் முகாமில் குழுவை நடத்தும் அண்ணன்மார் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது இல்லாத பிள்ளையை இன்னும் ஒரு வருஷம் பொறுத்து அனுப்புங்கள்.

அப்புறம், பிள்ளைக்கும் போக ஆசை இருக்க வேண்டும். கொஞ்சம் பயமும் நிறைய ஆசையும் கலந்திருந்தால் அது நல்ல அறிகுறி. வெறும் பயம் மட்டும் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். “அவன் அடங்க மாட்டேங்கிறான், முகாமுக்குப் போனாலாவது திருந்தட்டும்” என்று அனுப்புகிறவர்களும் உண்டு. பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். அங்கே கேட்கிற கர்த்தருடைய வார்த்தையும் தண்டனையோடு சேர்ந்துதான் அவன் மனதில் பதியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நடத்துகிறவர்களிடம் நிறையக் கேள்வி கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஊழியத்தைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகாதா?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும்போது அன்னாள் தன் சிறு மகன் சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆலயத்தில் கொண்டுபோய் விட்டதை மேற்கோள் காட்டிப் பிரசங்கிப்போம். 1 சாமுவேல் முதல் அதிகாரம். நல்ல உதாரணம்தான். அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். அதே சீலோவில், அதே ஆலயத்தில், ஆசாரியன் ஏலியின் பிள்ளைகளான ஓப்னியும் பினெகாசும் பலி செலுத்த வருகிறவர்களை மிரட்டினார்கள், ஆசரிப்புக் கூடார வாசலில் கூடிவந்த பெண்களிடம் முறைகேடாக நடந்தார்கள். ஊரெல்லாம் பேசியது, அப்பாவின் காதுக்கும் எட்டியது. அவர் கண்டித்தார், ஆனால் தடுக்கவில்லை. கர்த்தருடைய இடம் என்பதாலேயே ஒரு இடம் பத்திரமாகிவிடாது என்பதை வேதமே இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. கேள்வி கேட்பதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

என்ன கேட்பது? பெண் பிள்ளைகள் தங்கும் அறைப் பக்கம் இரவில் இருப்பது யார், ஆண் பிள்ளைகள் பக்கம் யார்? பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டா? ஆலோசனை, ஜெபம் என்ற பெயரில்கூட? தனி ஜெபம் என்றால் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் நடக்குமா? குழுவை நடத்தும் கல்லூரி வயது அண்ணன், அக்காக்களைத் தேர்ந்தெடுப்பது யார், அவர்களுடைய சபைப் போதகரிடம் விசாரித்தார்களா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இரவில் வண்டி தயாராக நிற்குமா? புகார் வந்தால் யாரிடம் சொல்வது?

நன்றாக நடக்கிற முகாம்களில் இதற்கெல்லாம் எழுதிவைத்த பதில் இருக்கும். கேட்டதற்குச் சந்தோஷப்படுவார்கள். “நாங்க எல்லாரும் ஊழியக்காரங்க, ஒண்ணும் ஆகாது” என்பது மட்டும் பதிலாக வந்தால் அந்த வருஷம் அனுப்பாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைப்பது குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்கிறவர் செய்ததை மறைத்தால் தண்டனை இன்னும் அதிகம். “சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்” என்பதற்கு இங்கே இடமே இல்லை.

பயமுறுத்தாமல் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது?

கிளம்புகிற நாளில் பஸ் பக்கத்தில் நின்று சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்னால், சாப்பிட்டுக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருக்கும்போது சாதாரணமாகச் சொல்லுங்கள். உன் உடம்பு உன்னுடையது. உள்ளாடை மூடுகிற இடத்தை யாரும் தொடக்கூடாது, பார்க்கவும் காட்டவும் சொல்லக்கூடாது. அண்ணனாக இருந்தாலும், பாஸ்டராக இருந்தாலும், உன்னைவிடப் பெரிய பையனாக இருந்தாலும் சரி. “யாருகிட்டயும் சொல்லாதே” என்று யாராவது சொன்னால் அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். நீ சொன்னால் நான் நம்புவேன், உன்னைத் திட்ட மாட்டேன்.

கடைசி வரியை இரண்டு தரம் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். ஊழியக்காரர் என்றால் இன்னும் அதிகமாக. “வேண்டாம்” என்று சொல்ல அனுமதி உண்டு என்பதை நம் வாயால் கேட்டால்தான் நம்புவார்கள். குழந்தைகள் உதவிக்கான கட்டணமில்லாத சைல்டுலைன் எண் 1098. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். அதையும் வசனம் மாதிரி மனப்பாடம் செய்யவையுங்கள்.

போன் கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். அவன் குரலைக் கேட்காமல் எப்படி இருப்பது?

உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் அந்த விதி நல்லது. தினமும் ராத்திரி அம்மா குரலைக் கேட்கிற பிள்ளைக்குத் தினமும் ராத்திரி வீட்டு ஞாபகம் புதிதாகக் கிளம்பும். அவசரத்துக்குப் பொறுப்பாளர் இரண்டு பேரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் எண்களையும் கொடுங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் தங்குமிடத்தின் எண்ணும் வேண்டும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு ஒரு தகவல் போட்டால் போதும். படத்தில் உங்கள் பிள்ளை சிரிக்கவில்லை என்று உடனே அழைத்துக் கேட்காதீர்கள். நூறு பிள்ளைகளைப் பார்க்கிறவர் அந்த நேரத்தில் பிள்ளைகளோடுதான் இருக்க வேண்டும்.

அழுதால்? “வந்து கூட்டிட்டுப் போங்க” என்றால்?

அழலாம். முதல் ராத்திரியும் இரண்டாம் நாள் சாயங்காலமும்தான் கஷ்டம். விளையாடும்போது வராது. சாப்பாட்டு நேரத்திலும், விளக்கை அணைத்தபிறகும் வரும். வீட்டில் அன்பு கிடைக்கிற பிள்ளைக்குத்தான் வீட்டு ஏக்கம் வரும். அதற்காக வெட்கப்பட எதுவுமில்லை என்று முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். “அம்மா ஞாபகம் வந்தா என்ன பண்ணுவே?” என்று கேட்டு, பதிலை அவனே யோசிக்கட்டும். அக்காவிடம் சொல்வது, ஒரு வசனம் சொல்லிப் பார்ப்பது, டைரியில் எழுதுவது, எதுவாகவும் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள்: “பிடிக்கலேன்னா ஒரு போன் பண்ணு, அப்பா அடுத்த வண்டியிலேயே வந்துடறேன்.” பாசத்தில் வரும் வார்த்தைதான். ஆனால் தன்னால் முடியாது என்று அப்பாவே நினைக்கிறார் என்றுதான் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும். முதல் ராத்திரி ஏக்கம் வந்ததும் சமாளிக்க முயலாமல் அந்த போனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். அதே மாதிரி, “நீ இல்லாம இந்த வீடு வீடாவே இருக்காது, பாட்டி அழுதுட்டே இருப்பாங்க” என்பதும் வேண்டாம். உங்கள் ஏக்கத்தையும் அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

ஒத்திகை பாருங்கள். சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ இரண்டு ராத்திரி, போன் பேசாமல் விட்டுப் பாருங்கள்.

அழுகையிலும் வித்தியாசம் உண்டு. சாப்பிடுகிறான், விளையாடுகிறான், ராத்திரி மட்டும் அழுகிறான் என்றால் விட்டுவிடலாம். சாப்பிடவே இல்லை, தூங்கவே இல்லை, யாரோடும் சேரவில்லை என்று பொறுப்பாளர் சொன்னால் போய் அழைத்து வாருங்கள், தோல்வி என்று பேசாமல். ஒரு குறிப்பிட்ட ஆளையோ ஒரு குறிப்பிட்ட அறையையோ கண்டு பயப்படுகிறான் என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. அவசரத்தில் சோதனைச் சாவடியில் நின்று தவிக்காமலிருக்க, அன்றைய விதி என்ன, எப்படி விண்ணப்பிப்பது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

மருந்து, உடல்நிலை பற்றிப் படிவத்தில் எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

எல்லாவற்றையும். வீசிங், வலிப்பு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். “எழுதினா சேர்க்க மாட்டாங்களோ” என்று மறைத்தால், நடுராத்திரியில் அந்தப் பிள்ளைக்கு மூச்சுத் திணறும்போது பக்கத்தில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. மலைக் குளிருக்கு வீசிங் கூடும். இன்ஹேலரைப் பெட்டியின் அடியில் வைக்காமல் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். எதை, எப்போது, எவ்வளவு என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.

படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் இருந்தால் அதையும் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகமான பிள்ளைகளுக்கு இது உண்டு. ராத்திரி ஒருமுறை எழுப்பி விடுவார்கள், மாற்றுத் துணி தயாராக இருக்கும், மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் முடிந்துவிடும். பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கு இன்னும் மாதவிடாய் தொடங்கவில்லை என்றாலும் விளக்கிச் சொல்லி, நாப்கின் வைத்து அனுப்புங்கள். முதல்முறை முகாமிலேயே வந்து, பயந்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு பிள்ளை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பெட்டியில் என்ன வைப்பது?

முகாமில் கொடுக்கிற பட்டியல் போதும். அதில் இல்லாத சில விஷயங்கள் மட்டும்: ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் வெயில் கொளுத்துகிற மே மாதத்திலும் அங்கே ராத்திரி குளிரும், திடீரென்று மழையும் வரும். ஸ்வெட்டர், காலுறை, மழைக்கோட்டு கட்டாயம். ஏற்காடு 1,500 மீட்டர்தான், குளிர் அவ்வளவு இருக்காது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொடுங்கள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு, டாக்டரைக் கேட்டு மாத்திரை, கூடவே ஒரு மாற்றுச் சட்டை கைப்பையில். ஏறுவதற்கு முன் வயிறு நிறைய பூரி வேண்டாம். தங்கச் சங்கிலி, கம்மல் வேண்டவே வேண்டாம். எல்லாத் துணியிலும் பெயர் எழுதுங்கள். பெட்டியைப் பிள்ளையே அடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் அடுக்கிய பெட்டியில் துண்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

கட்டணம் கட்ட முடியவில்லை.

கேளுங்கள். பல சபைகளில் இதற்கென்று யாராவது பணம் கொடுத்து வைத்திருப்பார்கள். சபைப் போதகரான ஐயரிடமோ ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளரிடமோ தனியாகச் சொன்னால் போதும், பிள்ளைக்குத் தெரியவும் வேண்டாம்.

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார். ஆனால் முகாமை நடத்துவது வேறு சபையார். குழப்பிவிட மாட்டார்களா?

பல சபைப் பிள்ளைகள் சேர்ந்து வரும் முகாம்கள் நிறைய. குழந்தை ஞானஸ்நானமா வளர்ந்தபின் எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானமா, அந்நிய பாஷையில் ஜெபிப்பது, இதுபோல சபைக்குச் சபை வேறுபடும் விஷயங்களைப் பேசாமல் தவிர்ப்பது அங்கே நல்ல மரபு. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை. “பெற்றோருக்குத் தெரியாமல் முகாமில் யாருக்காவது ஞானஸ்நானம் கொடுப்பீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளையானால் ஞாயிறு நடுவில் வருகிறதா, திருப்பலிக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

பிள்ளையிடம், “நம்ம சபைல இப்படிச் செய்வோம், அவங்க வேற மாதிரி பாடுவாங்க, ஜெபிப்பாங்க, ரெண்டும் ஆண்டவருக்குத்தான்” என்று சொல்லி அனுப்பினால் போதும். கை தூக்கிச் சத்தமாக ஜெபிப்பதை முதல்முறை பார்க்கிற பிள்ளை மிரண்டுபோகும். முன்பே சொல்லியிருந்தால் மிரளாது.

பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளையும் வர ஆசைப்படுகிறது. கூட்டிப் போகலாமா?

அந்தப் பிள்ளையின் அம்மா அப்பா இருவருக்கும் இது வேதபாடம், ஜெபம், தேவசெய்தி உள்ள முகாம் என்று முழுக்கச் சொல்லி, அவர்களே கையெழுத்துப் போட்டால் மட்டும். “மலைக்கு டூர் போறோம்” என்று சொல்லி அழைத்துப் போவது பொய். அந்தப் பொய்யின் மேல் எந்த நல்ல செய்தியையும் சொல்ல முடியாது. கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருக்கும் குடும்பத்துக்கும் இதுவேதான். மற்றவரிடம் மறைத்து அனுப்பாதீர்கள்.

கடைசி ராத்திரி எல்லாப் பிள்ளைகளும் அழுது தங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பார்களாமே? நல்லதா, கெட்டதா?

முகாமில் எழுந்து நின்று ஒப்புக்கொடுத்த தீர்மானத்தை அறுபது வயதிலும் சொல்லிச் சந்தோஷப்படுகிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். எனக்கும் அதில் விசுவாசம் உண்டு. பிள்ளைகளுக்கு ஆண்டவர் பேசுவார். சாமுவேலுக்குப் பேசினார்.

ஆனால் நான்கு நாள் தூக்கம் குறைந்த பத்து வயதுப் பிள்ளையை, நெருப்பைச் சுற்றி, மெல்லிய பாட்டோடு உட்காரவைத்து, நரகத்தைப் பற்றிப் பேசினால் அழும். பக்கத்துப் பிள்ளை அழுதாலே அழும். அந்த அழுகை எதனால் வந்தது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. செய்தி கொடுப்பது யார், எந்த வயதுக்கு என்ன பேசுவார்கள் என்று முன்பே கேளுங்கள். எழுந்து நிற்காத பிள்ளையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பாவத்தை எல்லார் முன்னாலும் அறிக்கையிடச் சொல்லவும் கூடாது.

உங்கள் பிள்ளையிடம் கிளம்பும் முன்பே சொல்லுங்கள்: “மனசுல தோணினா எழுந்து நில்லு. தோணலேன்னா உட்கார்ந்திரு. ரெண்டும் எனக்குச் சந்தோஷம்தான். ஆண்டவர் உன்மேல வச்சிருக்கிற அன்பு அதனால குறையாது.” இதைக் கேட்டுவிட்டுப் போகிற பிள்ளை எழுந்து நின்றால், அது அவனுடைய சொந்தத் தீர்மானமாக இருக்கும்.

முகாம் நடுவில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால்?

வரத்தான் செய்யும். தமிழ்நாட்டில் 2024இல் மே 10, 2025இல் மே 16 அன்று வந்தது. தேதி மோதினால் ரிசல்ட் வரும் நாளில் மட்டும் பிள்ளையோடு போனில் பேச ஏற்பாடு கேளுங்கள். மதிப்பெண் குறைந்திருந்தால் அதை நண்பன் மூலமோ அறிவிப்பிலோ கேட்கக் கூடாது, உங்கள் குரலில் கேட்க வேண்டும். முதலில், “பரவாயில்லை, நாங்க இருக்கோம்.” மறுகூட்டல், துணைத்தேர்வு எல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு.

திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

தூங்க விடுங்கள். குரல் போயிருக்கும், துணியெல்லாம் அழுக்காக இருக்கும், ஒரு செருப்பு காணாமல் போயிருக்கும். வாசலிலேயே, “என்ன கத்துக்கிட்டே? வசனம் சொல்லு பார்ப்போம்” என்று பரீட்சை வைக்காதீர்கள். சொந்தக்காரர் முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். நாலு நாள் கழித்துத் தம்பியை அடித்தால், “முகாமுக்குப் போயிட்டு வந்தும் இப்படியா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். தீர்மானம் எடுத்த பிள்ளையும் பிள்ளைதான்.

“ராத்திரி யார் பக்கத்துல படுத்தே?”, “எந்த அண்ணன் ரொம்பச் சிரிக்க வச்சாங்க?”, “யாரைப் பிடிக்கலை?” என்று கதை கேட்கிற மாதிரிக் கேளுங்கள். வேண்டியதெல்லாம் தானாக வந்துவிடும். வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கினால், குளிக்க மறுத்தால், ஒரு பெயரைச் சொன்னதும் பேச்சு நின்றால், பொறுமையாக விசாரியுங்கள். நாட்கள் கடத்தாதீர்கள்.

பிள்ளை காலையில் தனியாக வேதம் வாசிக்க ஆரம்பித்திருந்தால் அந்தப் பதினைந்து நிமிஷம் வீட்டில் டிவியை நிறுத்தி வையுங்கள். அது போதும்.

அப்புறம் முகாம் நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். லீவு போட்டு, சம்பளமில்லாமல், உங்கள் பிள்ளையின் வாந்தியைக் கழுவிய அக்காக்களுக்கு நன்றி சொல்லுங்கள். குறை இருந்தால் அதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்: பெண் பொறுப்பாளர் போதவில்லை, ராத்திரி கழிப்பறை வழியில் விளக்கில்லை என்று. அடுத்த மே மாதத்துக்கு இடம் பிடிக்கும் வேலையைப் பல மாதம் முன்னதாகவே தொடங்கிவிடுவார்கள், அதற்குள் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும்.